யூஎஸ்பி எஸ்எஸ்டியில் இருந்து வீட்டு சர்வர் பூட் ஆகவில்லை, இன்ஸ்டால் பென்டிரைவ் மட்டும் பூட் ஆகிறது

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

என்னிடம் இருப்பது ஆபீஸ்களில் மானிட்டருக்குப் பின்னால் மாட்டி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன டெஸ்க்டாப் பெட்டி. இன்டெல் 6ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். நான்கு வருடத்துக்கு முன்னால் ரிச்சி தெருவில் பழையதாக வாங்கினேன். உள்ளே ஒரே ஒரு சாட்டா டிஸ்க்குக்குத்தான் இடம், அதில் 2 டிபி டேட்டா டிஸ்க் உட்கார்ந்திருக்கிறது. அதனால் டெபியன் 12 லினக்ஸ் சிஸ்டத்தை 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் போட்டு, அதை யூஎஸ்பி கேஸில் வைத்து வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்றரை வருடமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. படங்களைச் சேமிக்கும் இம்மிச், சினிமா பார்க்கும் ஜெல்லிஃபின், வீட்டு டிஎன்எஸ் வழியாக விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் மூன்றும் டாக்கரில் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) ஓடுகின்றன.

போகிக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது பெட்டியையும் கழற்றித் தூசி தட்டினேன். எல்லா ஒயரையும் பிடுங்கி, மூடியைத் திறந்து, பிளோயரால் ஊதி, ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க ஒருமுறை பவர் மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தேன். அப்புறம் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஆன் செய்தால் 'நோ பூட்டபிள் டிவைஸ் ஃபவுண்ட்' என்று நிற்கிறது.

பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் தேதி 2016 ஜனவரி 1 என்று காட்டியது. அதைச் சரிசெய்துவிட்டேன், ஆனால் பவரைப் பிடுங்கி மாட்டினால் மறுபடியும் 2016-க்கே போய்விடுகிறது. எஃப்12 மெனுவில் எஸ்எஸ்டி பெயர் லெகசி என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் வருகிறது, யூஇஎஃப்ஐ என்ற தலைப்புக்குக் கீழே வரவில்லை. லெகசியில் அதைத் தேர்ந்தெடுத்தால் கருப்புத் திரையில் இடது மூலையில் ஒரு கோடு மின்னிக்கொண்டே இருக்கிறது, அரைமணி நேரம் விட்டுப் பார்த்தும் அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

முன்னால் இருக்கும் போர்ட், பின்னால் இருக்கும் போர்ட், யூஎஸ்பி 2, யூஎஸ்பி 3 எல்லாவற்றிலும் மாட்டிப் பார்த்துவிட்டேன். கேபிளும் மாற்றினேன். என் உபுண்டு லேப்டாப்பில் செருகினால் எஸ்எஸ்டி நன்றாகவே திறக்கிறது, எல்லா ஃபைலும் அப்படியே இருக்கிறது. மனைவியின் விண்டோஸ் லேப்டாப்பில் செருகியபோது மட்டும் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டது, பயந்துபோய் பிடுங்கிவிட்டேன். இன்னொன்று, பழைய டெபியன் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒன்று மேசை டிராயரில் கிடந்தது, அதை அதே போர்ட்டில் செருகினால் கச்சிதமாக பூட் ஆகிறது. அப்படியென்றால் போர்ட்டில் கோளாறு இல்லை என்றுதானே அர்த்தம்?

பேசாமல் மறுபடியும் இன்ஸ்டால் செய்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. ஆனால் இம்மிச்சின் டேட்டாபேஸ் அந்த எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது, ஆல்பங்கள், முகங்களுக்கு அம்மா உட்கார்ந்து பெயர் போட்டது எல்லாம் அதில்தான். டேட்டா டிஸ்க்கில் அப்பா கடைசி வருடத்தில் பேசிய குரல் பதிவுகள் இருக்கின்றன, அதற்கு வேறு பிரதி கிடையாது. அதனால் தெரியாமல் எதையும் தொட மனம் வரவில்லை. பை-ஹோல் இதில் ஓடுவதால் வீட்டில் இன்டர்நெட்டும் படுத்துவிட்டது.


ஈரோட்டு மஞ்சள்:

முதலில் ஒரு விஷயம் தம்பி, இன்ஸ்டால் மட்டும் செய்துவிடாதீர்கள். லேப்டாப்பில் ஃபைல்கள் தெரிகிறதென்றால் டிரைவ் உயிரோடுதான் இருக்கிறது.

வீட்டில் நெட் வேண்டுமென்றால் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்துக்குப் போய் டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தருவது) என்ற இடத்தில் சர்வர் முகவரியை எடுத்துவிட்டு 9.9.9.9 அல்லது 1.1.1.1 போடுங்கள். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் எல்லா போனும் வந்துவிடும். சண்டை இல்லாமல் நிதானமாக வேலை பார்க்கலாம்.

தேதி 2016-க்குப் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி செத்துவிட்டது. அது போனால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் பூட் வரிசையும் அதில்தான் போயிருக்கும். சிஆர்2032 பட்டன் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இந்தச் சின்னப் பெட்டிகள் சிலவற்றில் பேட்டரி இரண்டு ஒயரோடு ஒரு கனெக்டரில் இருக்கும், அப்படியிருந்தால் அதே மாதிரி ஒயர் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள், நீங்களே சோல்டர் வைக்க வேண்டாம்.

பேட்டரி மாற்றிவிட்டு பயாஸில் ஃபாஸ்ட் பூட்டை அணையுங்கள், செக்யூர் பூட்டையும் அணையுங்கள், லெகசி பூட்டை முதலாவதாக வைத்துப் பாருங்கள். லெகசியில் டிரைவ் தெரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே, அதில் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.


பொருநைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணே. டிஎன்எஸ் மாற்றியதும் நெட் வந்துவிட்டது, வீட்டில் பாதி அமைதி திரும்பியது.

பேட்டரி மாற்றிவிட்டேன். ஒயர் வைத்த வகைதான், நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் சும்மா பட்டன் பேட்டரியை வாங்கி வந்திருப்பேன். இப்போது தேதி நிற்கிறது. ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட் இரண்டையும் அணைத்து, லெகசியை முதலில் வைத்துப் பார்த்தேன். அதே மின்னும் கோடுதான். இப்போது இன்ஸ்டால் பென்டிரைவையும் செருகிப் பார்த்தேன், அது பூட் ஆகிறது, ஆனால் மெனுவின் தலைப்பு முன்பு பார்த்ததைவிட வேறு மாதிரி இருக்கிறது, பயாஸ் மோட் என்று போட்டிருக்கிறது.


முனையம்64:

லெகசியை உடனே பழையபடி அணைத்துவிடுங்கள். ஈரோட்டு அண்ணன் பேட்டரி விஷயத்தில் சொன்னது சரி, ஆனால் லெகசி உங்களுக்கு எந்த வழியிலும் உதவாது, இன்னும் குழப்பத்தான் செய்யும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் இனி இந்த மாதிரி வரும் பாதிச் சிக்கலை நீங்களே அவிழ்த்துவிடுவீர்கள்.

பழைய பயாஸ் முறையில் கணினி டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 446 பைட் அளவுக்கு ஒரு குட்டி புரோகிராம் இருக்க வேண்டும், அதுதான் அடுத்ததை எழுப்பும். உங்கள் எஸ்எஸ்டியை யூஇஎஃப்ஐ முறையில் இன்ஸ்டால் செய்திருக்கிறீர்கள், அதனால் அந்த இடத்தில் எழுப்புவதற்கு ஒன்றும் இல்லை. லெகசி பட்டியலில் பெயர் வருவது 'இங்கே ஒரு யூஎஸ்பி டிரைவ் இருக்கிறது' என்பதற்குமேல் எதையும் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்தால் காலி இடத்துக்குள் குதித்து அப்படியே நின்றுவிடும், அந்த மின்னும் கோடு அதுதான்.

யூஇஎஃப்ஐ வேலை செய்யும் விதமே வேறு. அது டிரைவில் ஃபேட்32 வடிவில் இருக்கும் ஒரு சின்னப் பார்ட்டிஷனை (டிரைவில் பிரித்த ஒரு பகுதி) தேடும், இஎஸ்பி என்பார்கள், டெபியன் வழக்கமாக 512 எம்பி அளவில் முதலாவதாக வைக்கும். அதற்குள் இருக்கும் ஒரு ஃபைலைத்தான் இயக்குகிறது. எந்த ஃபைல் என்று அதற்கு எப்படித் தெரியும் என்பதில்தான் உங்கள் கதை முழுக்க இருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மதர்போர்டின் நினைவில் ஒரு பதிவு இருக்கும். 'டெபியன்' என்ற பெயர், இன்ன டிரைவ், இன்ன பார்ட்டிஷன், இன்ன ஃபைல் என்று. டெபியன் இன்ஸ்டால் ஆகும்போது இந்தப் பதிவை மதர்போர்டில் எழுதிவிட்டுப் போகிறது. அதாவது உங்கள் சிஸ்டத்துக்கு வழிகாட்டும் சீட்டு எஸ்எஸ்டியில் இல்லை, பெட்டிக்குள் இருந்தது.

இரண்டாவது, அப்படி எந்தப் பதிவும் இல்லாவிட்டால், கழற்றி மாட்டும் டிரைவ்களில் ஒரு பொதுவான இடத்தைப் பார்க்கும். இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற ஃபைல். பெயர் அட்சரம் பிசகாமல் இதுவாக இருக்க வேண்டும். இன்ஸ்டால் பென்டிரைவ்கள் எல்லாம் முன்பின் தெரியாத கணினியிலும் ஓட வேண்டும் என்பதால் இந்த இடத்தில்தான் ஃபைலை வைத்திருக்கும். உங்கள் பென்டிரைவ் பூட் ஆகி எஸ்எஸ்டி ஆகாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது கேள்வி, அந்தப் பதிவு எப்படிப் போயிற்று? பேட்டரி மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இந்தக் காலத்துப் போர்டுகளில் பூட் பதிவுகள் ஃபிளாஷ் சிப்பில் இருக்கும், பேட்டரி இல்லாமலும் நிற்கும். நான் சந்தேகப்படுவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை. ஃபேன் பார்க்க எஸ்எஸ்டி இல்லாமல் ஒருமுறை பவர் கொடுத்தீர்கள் அல்லவா? பல போர்டுகள் ஆன் ஆகும்போது பட்டியலைச் சரிபார்த்து, அதில் இருக்கும் டிரைவ் மாட்டியிருக்கவில்லை என்றால் அந்தப் பதிவையே அழித்துவிடும். எல்லாப் போர்டும் இப்படிச் செய்வதில்லை, ஆனால் செய்பவை நிறைய இருக்கின்றன. உள்ளே இருக்கும் டிஸ்க்கை யாரும் அடிக்கடி கழற்றுவதில்லை, அதனால் தெரியாது. யூஎஸ்பியில் சிஸ்டம் வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

என் ஊகம் சரியா என்று பார்க்க, எஸ்எஸ்டியை உபுண்டு லேப்டாப்பில் செருகி அந்த 512 எம்பி பார்ட்டிஷனைத் திறந்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். விண்டோஸ் லேப்டாப் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள். விண்டோஸுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவப் பார்ட்டிஷன் தெரியாது, தெரியாததைக் கண்டால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும், தூக்கக் கலக்கத்தில் ஒரு கிளிக் போதும். நீங்கள் அன்றைக்குப் பிடுங்கியதுதான் இந்த மூன்று நாளில் செய்த நல்ல காரியம்.


பொருநைக்கரை:

அண்ணே, அப்படியே இருக்கிறது!

மூன்று பார்ட்டிஷன்கள். முதலாவது 512 எம்பி ஃபேட்32, அடுத்து பெரிய எக்ஸ்ட்4, கடைசியில் 1 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்வாப். முதலாவதில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் டெபியன் என்ற ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருக்கிறது. அதற்குள் ஷிம்எக்ஸ்64, கிரப்எக்ஸ்64, இன்னும் இரண்டு மூன்று இஎஃப்ஐ ஃபைல்கள், ஒரு கிரப்.சிஎஃப்ஜி. பூட் என்ற ஃபோல்டரே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்ஸ்டால் பென்டிரைவையும் திறந்தேன், அதில் நீங்கள் சொன்ன பூட் ஃபோல்டரும் பூட்எக்ஸ்64 ஃபைலும் இருக்கின்றன.

மூன்று நாளாக ஒயரையும் போர்ட்டையும் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன், பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று தெரியாமல் போயிற்று. அடுத்து என்ன செய்யட்டும்?


முனையம்64:

நல்லது. இனி பத்து நிமிட வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் லேப்டாப்பில் இடமிருந்தால் எஸ்எஸ்டியை முழுசாக ஒரு இமேஜ் (ஒரே ஃபைலாக முழுப் பிரதி) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற ஆப்பைத் திறந்து, எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் கிரியேட் டிஸ்க் இமேஜ் கொடுத்தால் போதும். அம்மா பெயர் போட்ட முகங்கள் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும், அப்புறம் நாம் என்ன தப்பு செய்தாலும் திரும்பி வரலாம்.

பயாஸில் லெகசி முழுக்க அணைந்திருக்க வேண்டும். எஸ்எஸ்டி, இன்ஸ்டால் பென்டிரைவ் இரண்டையும் செருகி, பென்டிரைவில் பூட் செய்யுங்கள். மெனு தலைப்பில் யூஇஎஃப்ஐ இன்ஸ்டாலர் என்று இருக்கிறதா பாருங்கள். பயாஸ் மோட் என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அந்த நிலையில் இது வேலைக்கு ஆகாது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் ரெஸ்க்யூ மோட் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். மொழி, கீபோர்டு, நெட்வொர்க் என்று இன்ஸ்டால் செய்வதைப் போலவே வரிசையாகக் கேட்கும், பயப்பட வேண்டாம், ரெஸ்க்யூ என்று ஒரு ஓரத்தில் காட்டிக்கொண்டே இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ரூட், அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷன், எது என்று கேட்கும். அங்கே எஸ்எஸ்டியின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைக் கொடுங்கள், 2 டிபி டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள், அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இஎஸ்பியை மவுண்ட் செய்யவா (ஒரு ஃபோல்டரில் இணைக்கவா) என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். அடுத்து வரும் மெனுவில் கிரப்பை (லினக்ஸை எழுப்பும் பூட் புரோகிராம்) மறுபடி இன்ஸ்டால் செய்வது ஒன்று, அதற்குப் பக்கத்தில் கிரப்பை 'இஎஃப்ஐ ரிமூவபிள் மீடியா பாத்' இடத்தில் கட்டாயமாக வைப்பது ஒன்று இருக்கும். இந்த இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. இது அந்தப் பொதுவான பூட் ஃபோல்டரை உண்டாக்கி உள்ளே ஃபைலை வைத்துவிடும். முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

சிஸ்டம் எழுந்ததும் இன்னொன்று செய்ய வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். டெர்மினலில் ரூட்டாக டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையை கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 பேக்கேஜுக்கு ஓட்டுங்கள். அது கேட்கும் கேள்விகளில் ஒன்று இதே ரிமூவபிள் மீடியா பாத் பற்றியது, அதற்கு ஆமாம் கொடுங்கள். கொடுத்துவிட்டால் பின்னாளில் கிரப் அப்டேட் வரும்போதெல்லாம் டெபியன் ஃபோல்டரோடு பூட் ஃபோல்டரையும் சேர்த்தே புதுப்பிக்கும். கொடுக்காவிட்டால் இன்றைக்கு வைத்த ஃபைல் அப்படியே பழையதாகக் கிடக்கும். ஒரு நாள் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.

சிலர் லேப்டாப்பிலேயே பூட் ஃபோல்டரை உண்டாக்கி ஷிம் ஃபைலைக் காப்பி செய்து பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்று பெயர் மாற்றிவிடச் சொல்வார்கள். பக்கத்திலேயே கிரப்எக்ஸ்64-ஐயும் வைத்தால் டெபியனில் அது வேலை செய்யும், நானே அவசரத்துக்குச் செய்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் ரெஸ்க்யூ மோட் ஓடும் பென்டிரைவ் கையில் இருக்கும்போது அது தேவையில்லை.

செக்யூர் பூட்டை எல்லாம் முடிந்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம். டெபியன் 10-இல் இருந்தே அதை ஆதரிக்கிறது.


பொருநைக்கரை:

இமேஜ் எடுத்துவிட்டு ரெஸ்க்யூ மோட் போய் நீங்கள் சொன்னபடியே செய்தேன். ரீபூட் செய்ததும் கிரப் மெனு வந்தது! அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை எழுத முடியாது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் முழுசாக எழவில்லை. கர்னல் வரிகள் ஓடி, நடுவில் சிவப்பு எழுத்தில் ஃபெயில்டு என்று ஒன்று வந்து, 'யூ ஆர் இன் எமர்ஜென்சி மோட்' என்று சொல்லி ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே போகிறது. ஃபெயில் ஆனது டேட்டா டிஸ்க் மவுண்ட் என்று தெரிகிறது. அப்பாவின் பதிவுகள் இருக்கும் டிஸ்க் அது. டிஸ்க் போய்விட்டதோ என்று அடிவயிறு கலங்குகிறது. அவசரமில்லாமல் பாருங்கள், நான் எதையும் தொடாமல் அப்படியே அணைத்துவிட்டேன்.


நிலாமுற்றம்:

கலங்காதீர்கள் தம்பி, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். எனக்கும் இதே இடத்தில் ஒருமுறை உயிர் போய் வந்தது.

எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) டேட்டா டிஸ்க்கை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்று பெயர் போட்டு எழுதியிருந்தால் அதுதான் காரணம். அந்தப் பெயர்கள் டிஸ்க்கின் சொந்தப் பெயர்கள் கிடையாது. கர்னல் ஒவ்வொரு முறை எழும்போதும் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு ஏ, அடுத்ததற்கு பி என்று கொடுத்துக்கொண்டே போகும். யூஎஸ்பியும் சாட்டாவும் கலந்திருக்கும் பெட்டியில் போர்ட் மாறினாலோ, ஒரு பென்டிரைவ் கூடுதலாகச் செருகியிருந்தாலோ, சில நேரம் காரணமே இல்லாமலும் வரிசை மாறிவிடும். ஒன்றரை வருடம் மாறாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

எமர்ஜென்சி மோடில் உள்ளே போய் பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் நீளமாக ஒரு யூயூஐடி காட்டும். அதுதான் மாறாத அடையாளம், போர்ட் மாறினாலும் வேறு கணினியில் மாட்டினாலும் அதுவேதான். 2 டிபி டிஸ்க்கின் பார்ட்டிஷன் அந்தப் பட்டியலில் எக்ஸ்ட்4 என்று வந்தாலே பாதி நிம்மதி. அந்த யூயூஐடியைக் குறித்துக்கொண்டு, எஃப்எஸ்டேபில் எஸ்டிபி1 என்று இருக்கும் இடத்தில் 'யூயூஐடி=' போட்டு அதை எழுதுங்கள். அதே வரியில் டிஃபால்ட்ஸ் என்பதற்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து நோஃபெயில் என்று சேருங்கள். அப்புறம் மவுண்ட் மைனஸ் ஏ ஓட்டிப் பாருங்கள். பிழை வராமல் திரும்பினால் ரீபூட் செய்யலாம்.

நோஃபெயில் இருந்தால் அந்த டிஸ்க் என்றைக்காவது வராவிட்டாலும் சிஸ்டம் எமர்ஜென்சிக்குப் போகாமல் எழுந்துவிடும், நீங்கள் வேறு கணினியில் இருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் என்னவென்று பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. டிஸ்க் வராத நாளில் டாக்கர் சும்மா இருக்காது, மவுண்ட் ஆகாத அந்தக் காலி ஃபோல்டரில் எழுதத் தொடங்கிவிடும். போனில் இருந்து வரும் படங்கள் எஸ்எஸ்டியில் போய் விழும், 240 ஜிபி எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால் டாக்கர் சர்வீஸுக்கு, சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டியில் ஒரு ஓவர்ரைடு (கூடுதல் அமைப்பு) போட்டு, ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியில் அந்த மவுண்ட் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துவிடுங்கள். டிஸ்க் வந்தால்தான் டாக்கர் எழும்.

முனையம் அண்ணா, நடுவில் என் சந்தேகம் ஒன்று. என்னிடமும் இதே மாதிரி யூஎஸ்பியில் ஓடும் சர்வர் இருக்கிறது, கிரப் எல்லாம் நன்றாக வருகிறது, ஆனால் பத்தில் இரண்டு முறை இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் போட்டு நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இதுவும் அந்த பூட் ஃபோல்டர் சமாசாரமா?


முனையம்64:

இல்லை, அது வேறு. உங்களுக்கு பூட் ஃபைல் கிடைத்துவிட்டது, கர்னலும் ஏறிவிட்டது. அது ரூட் பார்ட்டிஷனைத் தேடும் நேரத்தில் யூஎஸ்பி டிரைவ் இன்னும் கண் விழிக்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. அந்தத் திரையில் ஒரு நிமிடம் பொறுத்து எக்ஸிட் என்று அடித்தால் பெரும்பாலும் மீதி பூட் தொடரும். தொடர்ந்தால் நான் சொல்வது உறுதி. கிரப் அமைப்பில் கர்னல் வரியோடு ரூட்-டிலே=10 (rootdelay=10, நடுவில் கோடு இல்லாமல்) என்று சேர்த்து அப்டேட்-கிரப் ஓட்டுங்கள், பத்து நொடி கூடுதலாகக் காத்திருக்கும்.

உங்களுடையது எஸ்எஸ்டியா, சுற்றும் டிஸ்க்கா? சுற்றும் டிஸ்க் என்றால் மின்சாரத்தையும் பாருங்கள். யூஎஸ்பி 2 போர்ட்டின் வரம்பு 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3-க்கு 900. லேப்டாப் டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் ஒரு ஆம்பியர் வரைகூடக் கேட்கும். தனி அடாப்டர் இருக்கும் கேஸ் அல்லது ஹப் வைத்தால் தீரும்.


நிலாமுற்றம்:

சுற்றும் டிஸ்க்தான், அதுவும் முன்னால் இருக்கும் யூஎஸ்பி 2 போர்ட்டில். இன்றைக்கே பின்னால் மாற்றுகிறேன். நன்றி அண்ணா.


பொருநைக்கரை:

அக்கா, நீங்கள் சொன்னதேதான். எஃப்எஸ்டேபில் எஸ்டிபி1 என்று எழுதி வைத்திருந்தேன், ஏதோ ஒரு வீடியோ பார்த்து அப்படியே போட்டது. இப்போது பிஎல்கேஐடியில் பார்த்தால் எஸ்டிபி1 என்பது எஸ்எஸ்டியின் இஎஸ்பி பார்ட்டிஷன், டேட்டா டிஸ்க் எஸ்டிஏ1 ஆகிவிட்டது. ஃபேட்32-ஐக் கொடுத்து எக்ஸ்ட்4 ஆக மவுண்ட் செய் என்றால் அது என்ன செய்யும்?

யூயூஐடி போட்டு, நோஃபெயில் சேர்த்து, மவுண்ட் மைனஸ் ஏ கொடுத்தேன். சத்தமில்லாமல் திரும்பியது. ரீபூட் செய்தேன், முழுசாக எழுந்துவிட்டது. முதல் வேலையாக அப்பாவின் ஃபோல்டரைத் திறந்து ஒரு பதிவைப் போட்டுக் கேட்டோம்.

டிபிகேஜி-ரீகான்ஃபிகரும் ஓட்டிவிட்டேன். முனையம் அண்ணன் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனையும் செய்தேன். பெட்டியை அணைத்து, எஸ்எஸ்டியைக் கழற்றி, அது இல்லாமல் ஒருமுறை ஆன் செய்து, மறுபடி மாட்டி ஆன் செய்தேன். பயாஸ் பட்டியலில் டெபியன் என்ற பெயர் காணாமல் போயிருக்கிறது, உங்கள் ஊகம் சரிதான். ஆனால் இப்போது யூஇஎஃப்ஐ தலைப்புக்குக் கீழே எஸ்எஸ்டியின் பெயரே வருகிறது, தானாக பூட் ஆகிவிட்டது.


ஈரோட்டு மஞ்சள்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. லெகசி விஷயத்தில் நான் சொன்னது தவறு, முனையம் சொன்ன பிறகுதான் எனக்கும் அந்த மின்னும் கோட்டுக்குக் காரணம் புரிந்தது. என் பெட்டியிலும் பூட் ஃபோல்டர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன், இல்லை. ராத்திரியே போட்டுவிட்டேன்.

பேட்டரியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன், பூட்டுக்கு அது காரணமில்லை என்றாலும் மாற்றியது வீணில்லை. கடிகாரம் 2016-இல் நின்றால் அப்டேட் போடும்போது ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அடம்பிடிக்கும், எச்டிடிபிஎஸ் சான்றிதழ் எல்லாம் பிழை காட்டும், டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே வேறு கடைசி மவுண்ட் எதிர்காலத்தில் நடந்திருக்கிறது என்று புலம்பும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இது இல்லாமல் முடியாது.

அப்புறம் அப்பாவின் குரல் ஒரே டிஸ்க்கில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குரல் பதிவுகள் பெரிய இடம் பிடிக்காது. இன்றைக்கே ஒரு பென்டிரைவில் போட்டு அலமாரியில் வையுங்கள், இன்னொரு பிரதியை வெளியூரில் இருக்கும் அண்ணன், அக்கா யாரிடமாவது கொடுத்து வையுங்கள். 2 டிபி முழுசுக்கும் பேக்கப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்த ஃபோல்டருக்குக் காத்திருக்க வேண்டாம்.


பொருநைக்கரை:

எடுத்துவிட்டேன் அண்ணே. மொத்தமே 3 ஜிபிதான். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று பென்டிரைவில். இன்னொன்றை நாளை தங்கை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிடுகிறேன். பை-ஹோல் ஓடுகிறது, ரவுட்டரில் டிஎன்எஸ்ஸைப் பழையபடி மாற்றிவிட்டேன். டாக்கருக்கு அந்த ஓவர்ரைடு போடுவது மட்டும் பாக்கி, அதில் சிக்கினால் தனியாகக் கேட்கிறேன். மூன்று பேருக்கும் நன்றி.